மார்லீன் திருத்திய வீச்சு

மார்லீன் ஹோல்கம் எங்கள் கல்லூரி கோல்ஃப் அணிக்குப் பயிற்சியாளராக வந்து சேர்ந்த நாளில், காரிலிருந்து இறங்குவதற்கே கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்க வேண்டியிருந்தது. ஒன்பது வருடம் தொழில்முறை ஆட்டக்காரியாக நாடு முழுக்கச் சுற்றியவர். ஒஹையோவில் மழையால் பாதியில் முடிந்துபோன ஒரு போட்டியை ஜெயித்தவர். தொலைக்காட்சியில் நாங்களே அவரைப் பார்த்திருக்கிறோம். அப்புறம் முதுகு போய்விட்டது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள், மறுபடியும் செய்தார்கள். முதுகு சரியாகவில்லை. மேற்குக் கான்சாஸில், கோதுமை வயல்களுக்கு நடுவே, காற்றைத் தவிர வேறெதற்கும் பேர் வாங்காத எங்கள் கல்லூரிக்கு அவர் வந்தது அதனால்தான்.

நான் அவருடைய முதல் அணியில் ஆடியவள். பெயர் ரோண்டா. சுமாராகத்தான் ஆடுவேன். அதை அவரே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "உனக்குக் கை வராது ரோண்டா, ஆனா கண்ணு நல்லா இருக்கு. மத்தவங்க எங்க தப்பு பண்றாங்கன்னு டக்குனு பிடிச்சிடுற. படிப்ப முடிச்சிட்டு என்கூடவே இருந்துடு" என்றார். இருந்துவிட்டேன். உதவிப் பயிற்சியாளர் என்று பெயர். வேன் ஓட்டுவது, விடுதி அறைகளுக்குச் சொல்லி வைப்பது, ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிப் பொட்டலம் கட்டுவது எல்லாம் என் வேலை. நீண்ட பயணங்களில் மார்லீன் பின் இருக்கையில் படுத்துக்கொண்டே வருவார். படுத்தபடியே பெண்களைக் கலாய்ப்பார். யாராவது மோசமாக ஆடிவிட்டு அழுதால், "அழுது முடிச்சதும் சொல்லு, சாப்பிட நிறுத்தலாம்" என்பார். பெண்களுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

டெல்லா பெட்ராக் வந்தது அவருடைய ஐந்தாவது வருடத்தில்.

டெல்லாவின் ஊரில் இருந்த மைதானத்தில் ஒன்பது குழிகள்தான். குழியைச் சுற்றிப் புல் கிடையாது, எண்ணெய் ஊற்றி இறுக்கிய மணல். அவளுக்கு யாரும் ஆட்டம் கற்றுத் தந்ததில்லை. அப்பா லியோனார்ட் பண்ணைகளுக்குக் கிணறு தோண்டுகிறவர். அவர் வேலைக்குப் போகிற வழியில் மகளை மைதானத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போவாராம். நடுவில் இருக்கிற நேரமெல்லாம் அவளும் காற்றும்தான். அந்தக் காற்றோடு சண்டை போட்டுப் போட்டு, மட்டையைச் சுழற்றி அடிக்க அவளாகவே ஒரு வீச்சை உண்டாக்கி வைத்திருந்தாள்.

அதை முதன்முதலில் பார்த்தபோது எங்கள் அணிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கால்களை அகட்டி வைத்து, உடம்பு முழுவதையும் ஒரே பக்கமாக முறுக்கி, ஒரு குதிகால் தரையை விட்டுக் கிளம்ப, மட்டையைச் சுழற்றி இறக்குவாள். கடைசியில் இடுப்பு முன்னால் போய், முதுகு பின்னால் வளைந்து, விழப்போகிறவள் மாதிரி நிற்பாள்.

"ஏய், என்னடி இது, பாம்ப அடிக்கிற மாதிரி அடிக்கிற?" என்றாள் ஒருத்தி.

"எங்க ஊர்ல பாம்பும் இருக்கு" என்றாள் டெல்லா, அடுத்த பந்தை வைத்துக்கொண்டே.

ஆனால் பந்து போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வேலி உயரத்துக்கு மேல் எழும்பாமல், காற்றுக்கு அடியில் புகுந்து, கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

முதல் வருடத்திலேயே மூன்று போட்டிகளை ஜெயித்தாள். பெரிய பெரிய கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் தங்கள் பெண்களை விட்டுவிட்டு அவள் பின்னால் நடந்தார்கள். நெப்ராஸ்காவில் தொப்பி பறக்கும் காற்றில் மற்றவர்கள் எல்லாம் தடுமாறிக்கொண்டிருக்க, இவள் மட்டும் சாவகாசமாக ஆப்பிள் கடித்துக்கொண்டு ஆடி முடித்தாள். தொழில்முறைக்குப் போகிற ஆட்டம் இது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எங்கள் கல்லூரியிலிருந்து அதுவரை அப்படி யாரும் போனதில்லை.

மார்லீன் மட்டும் சந்தோஷமாக இல்லை. டெல்லா அடிக்கும்போதெல்லாம் பந்தைப் பார்க்காமல் அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னிடம் சொன்னார், "அந்தக் கடைசி வளைவு இருக்கே, அது என்னோடது ரோண்டா. அச்சு அசலா என்னோடது. இருபத்தெட்டு, முப்பது வயசுல அந்த முதுகு முறிஞ்சிடும்."

டாக்டரிடம் காட்டலாமே என்றேன். வலிக்காத முதுகை எந்த டாக்டர் பார்ப்பார் என்று கேட்டார். அவர் குரலில் இருந்தது நிஜமான பயம். அன்றைக்கு எனக்கும் அவர் சொல்வது சரி என்றுதான் பட்டது.

கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன் டெல்லாவைக் கூப்பிட்டுப் பேசினார். வீச்சை அடியிலிருந்து மாற்ற வேண்டும், ஒரு வருடம் கஷ்டமாக இருக்கும், அதற்கப்புறம் நாற்பது வயது வரை ஆடலாம் என்றார். டெல்லா மட்டையின் முனையால் தரையைக் கீறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"கோச், நான் எப்படி அடிக்கிறேன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சுட்டா அடிக்க முடியாதோன்னு பயமா இருக்கு."

மார்லீன் திரும்பி நின்று சட்டையைப் பின்பக்கம் உயர்த்திக் காட்டினார். இடுப்புப் பட்டைக்கு மேலே, முதுகெலும்போடு ஓடிய தழும்பை நானே அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். டெல்லா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் அவள் மறுத்துப் பேசவில்லை.

அவளுடைய அப்பா அந்த வாரக் கடைசியில் மகளை ஊருக்கு அழைத்துப் போக வந்தார். கை முழுக்கச் சேறு காய்ந்த அடையாளம். மார்லீன் அவரிடமும் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீங்க ஆடினவங்க கோச். நான் பூமிக்கடியில இருக்கற தண்ணியப் பத்தின்னா ஏதாவது சொல்வேன். இது உங்களுக்குத்தான் தெரியும். அவள உங்ககிட்ட விட்டிருக்கேன்" என்றார்.

அந்த வார்த்தையைப் பிற்காலத்தில் மார்லீன் எத்தனையோ தடவை என்னிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

இலையுதிர் காலத்தில் கல்லூரி திறந்ததும் வேலையை ஆரம்பித்தார்கள். பனிக்காலம் வந்ததும் பழைய விவசாயக் கொட்டகை ஒன்றில் வலை கட்டி அதற்குள் அடித்தார்கள். குதியைத் தூக்காதே. தலையை நேராக வை. இடுப்பை முந்தவிடாதே. முடிக்கும்போது நிமிர்ந்து நில். மார்லீனுக்கு அந்த வேலையில் இருந்த பொறுமையை வேறெதிலும் நான் பார்த்ததில்லை. வலியோடு மணிக்கணக்கில் நிற்பார். டெல்லாவும் சொன்னதையெல்லாம் செய்தாள். கிணறு தோண்டுகிறவர் மகள், வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை. பனி உருகும் சமயத்தில் அவளுடைய வீச்சு படத்தில் போட்ட மாதிரி அழகாக இருந்தது. முன்பு கேலி செய்த பெண்கள், "பாம்பு செத்துடுச்சு" என்று கை தட்டினார்கள்.

கொட்டகைக்குள் பந்து பத்தடி தள்ளி வலையில் விழுந்துவிடும். அது எங்கே போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. ஒன்று இடது பக்கம் போயிற்று, ஒன்று வலது பக்கம் போயிற்று. ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. முன்பெல்லாம் பந்தின் முன்னால் போய் நின்றதும் அடித்துவிடுகிறவள், இப்போது நின்றுகொண்டே இருந்தாள். உதடு அசைவதைப் பார்க்கலாம். எதையெதையோ நினைவுபடுத்திக்கொள்கிறாள் என்று தெரியும். பின்னால் காத்திருக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். முந்தின வருடம் ஜெயித்த போட்டியில் இந்த வருடம் கடைசியிலிருந்து எண்ணும் இடத்தில் வந்தாள்.

பொறுத்துக்கொள், மாற்றம் என்றால் இப்படித்தான் என்று மார்லீன் சொல்லிக்கொண்டே இருந்தார். நாளாக ஆக அதைச் சொல்லும் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

ஓக்லஹோமாவில் வட்டாரப் போட்டி. கல்லூரி ஆட்டத்தில் ஐந்து பேர் ஆடுவார்கள், அதில் சிறந்த நான்கு பேரின் கணக்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள். யார் மோசமாக ஆடினாலும் ஒருத்தியைக் கழித்துவிடலாம். முதல் நாள் நாங்கள் கழித்தது டெல்லாவின் கணக்கை. இரண்டாம் நாள் ஒரு குட்டையைத் தாண்டி அடிக்க வேண்டிய இடம் வந்தது. பெரிய தூரம் ஒன்றும் இல்லை. முந்தின வருடம் இதே இடத்தில் பேசிக்கொண்டே அடித்துவிட்டு நடந்தவள். அன்றைக்கு முதல் பந்து தண்ணீரில் விழுந்தது. இன்னொன்றை வைத்து அடித்தாள். அதுவும் விழுந்தது. பையில் கைவிட்டு மூன்றாவதை எடுத்தாள்.

கல்லூரி ஆட்டத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் போய்ப் பேசலாம். மார்லீன் வேகமாக நடந்து அவளிடம் போனார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் டெல்லா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எதுவும் சொல்லாதீங்க கோச். ப்ளீஸ். ஏற்கெனவே உங்க குரல்தான் தலைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு. நிறுத்தவே முடியல."

மார்லீன் அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பந்தும் தண்ணீரில்தான் விழுந்தது.

அன்று சாயங்காலம் விடுதிக்குத் திரும்பாமல் இருவரையும் பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போனேன். பழைய மாதிரியே அடி, எல்லாவற்றையும் மறந்துவிடு என்று மார்லீன் சொன்னார். டெல்லா கால்களை அகட்டினாள். குதியைத் தூக்கினாள். சுழற்றினாள். பார்ப்பதற்குப் பழைய வீச்சு மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் தன்னைப் போலவே நடித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது. பந்து எங்கோ போயிற்று. கூடை நிறைய இருந்த பந்துகள் தீரும் வரை முயன்றாள். பிறகு மட்டையைப் பையில் வைத்து உறையை இழுத்து மூடிவிட்டு, "போயிடுச்சு கோச்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வருடமும் அணியில் இருந்தாள். ஐந்து பேர் போட்டிக்குப் போக, இவள் பெரும்பாலும் ஆறாவது ஆளாகக் கல்லூரியிலேயே தங்கிவிடுவாள். கடைசி வருடத்தில் விலகிவிட்டாள். படிப்பை முடித்துக்கொண்டு, கல்லூரியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு கால்நடைத் தீவன ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே கல்யாணமும் ஆயிற்று.

மார்லீன் அதற்கப்புறம் பதினைந்து வருடத்துக்கு மேல் எங்கள் அணியை நடத்தினார். ஆனால் யாருடைய வீச்சையும் அவர் தொடவில்லை. மைதானத்தில் எங்கே அடிக்க வேண்டும், காற்றை எப்படிப் பார்க்க வேண்டும், பதற்றம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித் தருவார். என் கை எப்படி இருக்கிறது, இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு யாராவது வந்தால், "நல்லாத்தான் இருக்கு, போய் ஆடு" என்று அனுப்பிவிடுவார். பெண்கள் அவருக்குப் பின்னால், கிழவிக்குச் சோம்பல் என்று பேசிக்கொள்வார்கள். காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவர் இப்படித் தொடாமல் விட்டதிலும் ஒரு பெண்ணுக்கு நஷ்டம் வந்தது. கேலா டிரிஸ்கல் என்று பெயர். நல்ல பலசாலி. மட்டையைப் பிடிக்கும் விதத்தில் சின்னத் தப்பு, அதனால் பந்து எப்போதும் வலது பக்கம் வளைந்துபோகும். ஒரு வாரத்தில் சரிசெய்துவிடக்கூடிய விஷயம். மார்லீனிடம் கெஞ்சினாள். அவர் மாட்டேன் என்றார். நான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் என்னிடம் அவளுக்கு நம்பிக்கை இல்லை. ஜெயித்தவர் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். வருட முடிவில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. "ஒருத்திய தொட்டுக் கெடுத்தீங்க, இன்னொருத்திய தொடாமக் கெடுக்கறீங்க" என்று கேட்டேவிட்டேன்.

"தொடாம கெட்டுப் போனவ தூங்க விடுறா ரோண்டா" என்றார் அவர்.

ஓய்வு பெறப்போகிற வருடத்தில் கல்லூரி அவருக்கு ஒரு விருந்து ஏற்பாடு செய்தது. பழைய ஆட்டக்காரிகள் எல்லோரையும் அழைத்தார்கள். டெல்லா வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதைக் கேட்டதும் மார்லீன், தன்னை அவளிடம் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று என்னைக் கேட்டார். டெல்லாவிடம் தொலைபேசியில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் இருப்பேன் என்றாள்.

சின்ன வீடு. வாசலில் வண்டி, பின்னால் நாய். டெல்லா கொஞ்சம் பருத்திருந்தாள், மற்றபடி அதே முகம். சமையலறை மேசையில் உட்காரச் சொல்லிக் காபி ஊற்றினாள். மார்லீனுக்கு உட்கார முடியவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். லியோனார்ட் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அப்பா போய் நாலு வருடம் ஆகிவிட்டது என்றாள் டெல்லா. அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

"உன் முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டார் மார்லீன்.

"நல்லா இருக்கு. ஒரு நாள்கூட வலிச்சதில்ல. தீவன மூட்டைய நானே தூக்கிப் போடுறேன்." அவள் காபிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அதுதான் எனக்குப் பொறுக்கல கோச். நீங்க சொன்னது சரியாவே இருந்திருக்கலாம். அந்த மாதிரியே அடிச்சிருந்தா முறிஞ்சிருக்கலாம். இல்ல, முறியாமலே இருந்திருக்கலாம். இனிமே அத யார் சொல்றது?"

"முறிஞ்சிருக்கும்னே வச்சுக்கோ, அப்பவும் நான் செஞ்சது தப்புதான்" என்றார் மார்லீன். "முறியறதுக்கு முன்னாடி எனக்கு ஒன்பது வருஷம் கிடைச்சது. இப்ப யாராவது வந்து, அந்த ஒன்பது வருஷத்தத் திருப்பிக் கொடு, முதுக சரிபண்ணித் தர்றேன்னு சொன்னா நான் கொடுக்க மாட்டேன். அது தெரிஞ்சே உன்னோடத உன்கிட்டேருந்து எடுத்துட்டேன். வலிய மட்டும் காட்டினேன். அந்த வருஷங்களப் பத்தி உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

டெல்லா அழவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அப்பா கடைசி வரைக்கும் உங்களத் திட்டினதில்ல" என்று மட்டும் சொன்னாள். கிளம்பும்போது மார்லீன் காருக்குள் குனிய முடியாமல் தடுமாறியதைப் பார்த்து, ஓடி வந்து முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

விருந்து அடுத்த சனிக்கிழமை. இறைச்சி, உருளைக்கிழங்கு, கேக். கல்லூரித் தலைவர் மார்லீனின் சாதனைகளைப் படித்தார். பிறகு அவரைப் பேசச் சொன்னார்கள். நாலு வேடிக்கைக் கதை சொல்லி உட்காருவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் மேசையில் கையூன்றி நின்று, "இந்தக் கல்லூரியில ஆடினவங்கள்லயே பெரிய ஆட்டக்காரி டெல்லா பெட்ராக். அவ ஆட்டத்த நான் கெடுத்தேன். இத எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்" என்றார். தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டினார். சிலர் அழுதார்கள். எவ்வளவு நேர்மை என்று வெளியே வரும்போது பேசிக்கொண்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலும் அந்தப் பேச்சு வந்தது.

அது வந்த இரண்டு நாளில் டெல்லா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என் பேர மேடையில சொல்லுங்கன்னு நான் கேட்டனா ரோண்டா? இங்க யாருக்கும் நான் ஆடினதே தெரியாது. இப்ப ஆலையில ஒவ்வொருத்தனும் வந்து, ஐயோ பாவம்னு பார்க்கிறான். என் புருஷன்கிட்டகூட நான் அவ்வளவு சொன்னதில்ல. மறுபடியும் என்னக் கேக்காமயே செஞ்சுட்டாங்க பாரு."

அதை மார்லீனிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு போய்ச் சொன்னேன். அவர் வீட்டுக் கூடத்தில், தரையில், முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். முதுகுக்கு அதுதான் இதம். நான் சொல்லி முடிக்கும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருக்கணும்" என்றார். "என் மனசுல இருந்தத இறக்கி வைக்கணும்னு மட்டும்தான் தோணிச்சு. அவ தலையில இறக்கி வைக்கிறோம்னு தோணல."

அவளிடம் பேசுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டுப் போய் நிற்க அவருக்குத் துணிவு இல்லை. அவள் அதை விரும்பவும் மாட்டாள் என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் அரிசோனாவில் இருந்த தங்கையோடு போய்த் தங்கிவிட்டார். அங்கே காற்றும் இல்லை, குளிரும் இல்லை, முதுகுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அணி என் கைக்கு வந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவோம். பெண்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்பார், நான் சொல்வேன். டெல்லாவைப் பற்றி அவர் கேட்பதில்லை. நானும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.